குழாய் போகும் திசை

எண்ணெயைப் பீப்பாயில் அடைத்து எவருக்கும் விற்கலாம். இயற்கை வாயு அப்படியன்று. திரவமாக்கினால் அதன் கன அளவு ஏறத்தாழ அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கும்; ஆனால் அதற்கு −162 டிகிரி சென்டிகிரேடு வரை குளிர்விக்க வேண்டும். பிறகு கப்பல் வேண்டும், கடல் வேண்டும். துர்க்மேனிஸ்தானுக்கு வாய்த்ததோ காஸ்பியன். பெயர்தான் கடல், நாற்புறமும் நிலம். ஆகவே அந்நாட்டின் வாயு குழாயில்தான் போகவேண்டும்.

சோவியத் காலத்துப் பெருங்குழாய்கள் ரஷ்யாவை நோக்கியே சென்றன. 2009 ஏப்ரலில் அவற்றுள் ஒன்று வெடித்தது. ரஷ்யத் தரப்பு போதிய முன்னறிவிப்பின்றி வாங்கும் அளவைக் குறைத்ததே காரணம் என்றது துர்க்மேனிஸ்தான். பிழை யாருடையது என்பது வேறு வழக்கு. ஆனால் ஒரு முனையில் வாயுவைச் செலுத்திக்கொண்டே மறுமுனையில் எடுப்பதைக் குறைத்தால் அழுத்தம் ஏறும் என்பதைச் சைக்கிளுக்குக் காற்றடித்த எவரும் அறிவர்.

அவ்வாண்டு டிசம்பரிலேயே உஸ்பெகிஸ்தான், கஜகஸ்தான் வழியாகச் சீனாவுக்குச் சுமார் 1,800 கிலோமீட்டர் நீளக் குழாய் திறக்கப்பட்டது. 2016இல் ரஷ்யா வாங்குவதையே நிறுத்தி, 2019இல்தான் மீண்டும் தொடங்கிற்று. அதற்குள் சீனாவே பெரிய வாடிக்கையாளர். விலை பேசும் வலிமையும் அதன் பக்கம் சாய்ந்துவிட்டது.

ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியே இந்தியாவுக்கு வரவேண்டிய மற்றொரு குழாயின் வேலை 2015 டிசம்பரில் துர்க்மேனிஸ்தானில் தொடங்கிற்று. அந்த வாயு இன்னும் நம் எல்லையை எட்டவில்லை.