சிலிப்பர் கட்டையும் சிற்றாணியும்

உருவத்தாற் சிறியது என்று எதனையும் இகழ்தல் ஆகாது. பெரிய தேர் உருள்வதும் சிறிய அச்சாணியின் துணையால் அன்றோ என வள்ளுவப் பெருந்தகை நமக்கு நினைவூட்டிச் சென்றார். அப்பெரியார் இன்று நானுஓயா நிலையத்தில் நின்று, பதுளை நோக்கிப் புறப்படும் புகையிரதத்தைக் கண்ணுற்றிருப்பாரானால், அச்சாணியோடு மற்றோர் ஆணியையும் உவமையாகச் சேர்த்துக்கொண்டிருப்பார். தண்டவாளத்தைச் சிலிப்பர் கட்டையோடு பிணைத்து நிற்கும் ஆணியே அது.

நம் இறம்பொடைக்கு இருப்புப்பாதை இல்லை. கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வளைவுச் சாலைதான் நமக்கு வழி. ஆயினும் கொழும்பிற் கற்கும் பிள்ளைகளும், தொழில் நாடிச் செல்லும் இளைஞரும், உறவினரைக் காணப் புறப்படும் முதியோரும் கம்பளையிலோ நானுஓயாவிலோ வண்டி ஏறுகின்றனர். மலைநாட்டுப் பாதையில் வண்டி தடம் புரண்டது என்னும் செய்தியையும் நாம் பத்திரிகைகளில் அவ்வப்போது காண்கின்றோம். இதற்குக் காரணங்கள் பல. எனினும், இரு தண்டவாளங்களுக்கும் இடையேயுள்ள அகலம் மாறாதிருத்தல் பயணிகளின் உயிர்க் காப்புக்கு முதன்மையான நிபந்தனைகளுள் ஒன்று. மரக்கட்டை இடப்பட்ட பாதையில் அந்த அகலத்தைக் காத்து நிற்பது ஆணியின் பிடி. அப்பிடி எவ்வாறு உண்டாகிறது, எதனால் தளர்கிறது, எவ்வாறு காக்கப்படுகிறது என்பதை இங்கே காண்போம்.

மலைப்பாதையின் சோதனை

இலங்கையின் இருப்புப்பாதை 1867ஆம் ஆண்டில் கண்டியை எட்டியது. பின்னர் 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1884இல் அட்டனுக்கும், 1885இல் நானுஓயாவுக்கும் ஏறி, 1924இல் பதுளையை அடைந்தது. தண்டவாளங்களின் இடையகலம் 5 அடி 6 அங்குலம். பட்டிப்பொலைக்கு அருகே பாதை 6,000 அடிக்கும் மேலான உயரத்தைத் தொடுகின்றது. காடு வெட்டியும், பாறை உடைத்தும், மண் சுமந்தும் இம்மலைநாட்டை உருவாக்கியோருள் தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர் பெருந்தொகையினர் என்பதை நாம் அறிவோம்.

இப்பாதையில் 44 அடி தூரம் சென்றால் ஓர் அடி உயரும் ஏற்றங்கள் உள. 5 சங்கிலி, அதாவது 330 அடி மட்டுமே ஆரமுள்ள வளைவுகளும் உள. இத்தகைய வளைவில் எஞ்சின் திரும்புங்கால், அதன் சக்கரத்தின் விளிம்பு வெளிப்புறத் தண்டவாளத்தை வெளியே தள்ளுகின்றது. தண்டவாளமோ இடம்பெயரவும், குப்புறச் சாயவும் முயல்கின்றது. அவ்வேளையில் வெளிப்பக்கத்து ஆணி, 'நகராதே' என்று தடுக்கின்றது. உட்பக்கத்து ஆணி, 'எழாதே' என்று தண்டவாளத்தின் பாதத்தைப் பற்றி நிற்கின்றது. ஒன்று தோளால் தாங்குவது. மற்றொன்று கையாற் பிடிப்பது. இவ்விரண்டும் சேர்ந்ததே ஆணியின் தொழில்.

வண்டியின் பாரம் தண்டவாளத்தைக் கீழேதானே அழுத்தும், அது மேலே எழுவது எங்ஙனம் என்று மாணவர் வினவலாம். மெத்தையில் ஒருவர் அமர்ந்தால் அவ்விடம் தாழ, அருகிலுள்ள இடம் சற்று எழுவதைக் கண்டிருப்பீர்கள். சக்கரத்தின் கீழே தண்டவாளம் தாழும்போது, அதற்குச் சற்று முன்னும் பின்னும் அது சிறிதளவு எழுகின்றது. வண்டி ஓடும்போது இவ்வெழுச்சி ஓர் அலைபோல் உடன் ஓடுகின்றது. ஒவ்வோர் அலையும் ஆணியின் தலையை மெல்லப் பற்றி மேலே இழுக்கின்றது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பர். அம்மியே நகருமாயின் ஆணி எம்மாத்திரம்!

ஆணி பிறந்த கதை

1830ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியியலாளர் ராபர்ட் ஸ்டீவன்ஸ் என்பார், தம் நாட்டில் அமையவிருந்த இருப்புப்பாதைக்குத் தண்டவாளம் வாங்க இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். கடற்பயணத்தின்போது மரத்துண்டு ஒன்றைச் செதுக்கித் தண்டவாளத்துக்குப் புதிய உருவம் ஒன்றை அமைத்துப் பார்த்தார். தட்டையான அகன்ற பாதம், மெல்லிய இடை, தடித்த தலை ஆகியவற்றைக் கொண்ட அவ்வடிவத்தின் வழிவந்தவையே இன்று உலகெங்கும் காணப்படும் தண்டவாளங்கள். பாதம் அகன்றதாக இருப்பதால் அதனைக் கட்டையின்மீது நேரே இருத்தலாம். அப்பாதத்தின் விளிம்பைப் பற்றிக்கொள்ள, ஒரு பக்கமாகக் கொக்கிபோல் நீண்ட தலையுடைய ஆணியையும் அவரே வகுத்தார்.

ஆணிகளை ஒவ்வொன்றாகக் கொல்லன் அடித்துக் கொடுப்பதானால் நெடும்பாதைகள் எழுந்திரா. ஸ்கொத்லாந்திற் பிறந்து, நியூயோர்க் மாநிலத்தின் ட்ரோய் நகரில் இரும்பாலை நடத்திய ஹென்றி பர்டன் என்பார், கொக்கித்தலை ஆணிகளை வார்த்தெடுக்காமல் அடித்தே ஆக்கும் பொறிக்கு 1840இல் உரிமம் பெற்றார். அதன் பின்னர் ஆணி மலிந்தது, பாதையும் நீண்டது.

ஆங்கிலேயர் இதனை 'டோக் ஸ்பைக்', அதாவது நாயாணி என வழங்கினர். தலையின் இருபுறமும் நாயின் காதுகள் போன்று நீண்ட பகுதிகள் அமைந்திருந்தமையே இப்பெயருக்குக் காரணம் என்பர். அக்காதுகள் அழகுக்காக அமைந்தவையல்ல. ஆணியைப் பிடுங்க வேண்டியபோது கடப்பாரையின் பிளந்த நுனியை மாட்டுவதற்கு அவை உதவுகின்றன.

பிடி இரும்பிலா, மரத்திலா?

ஆணி வலியதாயின் பிடியும் வலியதாகும் என்பது பலருடைய எண்ணம். உண்மை வேறு. ஆணியைப் பற்றுவது மரமே. ஆணி பற்றப்படுவது மட்டுமே.

மரம் என்பது நீண்ட நார்களின் கட்டு. ஆணி இறங்கும்போது, அதன் வழியிலுள்ள நார்கள் அறுபட்டும் கீழ்நோக்கி வளைந்தும் ஒதுங்குகின்றன. ஒதுங்கிய நார்கள் தம் பழைய இடத்துக்குத் திரும்ப முயன்று, ஆணியின் பக்கங்களை நெருக்குகின்றன. அந்த நெருக்கத்தால் விளையும் உராய்வே ஆணியின் பிடி. ஆகவே, நல்ல ஆணியின் இலக்கணம் யாதெனில், தன்னைப் பற்றவேண்டிய நார்களை இயன்றவரை சிதைக்காமல் உள்ளே இறங்குதல் ஆகும்.

இதன் பொருட்டே தண்டவாள ஆணியின் நுனி ஊசிபோற் கூர்மையாக அமையாமல், உளிபோல் அமைந்துள்ளது. அவ்வுளி வாய் நாரின் ஓட்டத்துக்குக் குறுக்கே நிற்க வேண்டும். அப்போது அது நார்களை அறுத்துக்கொண்டு இறங்கும். நாரின் ஓட்டத்தோடு ஒத்து நிற்குமாயின், ஆப்புப்போல் நுழைந்து கட்டையைப் பிளந்துவிடும். தேர்ந்த தச்சர் சிலர் ஓரத்திற் பலகையை அறையுமுன் ஆணியின் கூர்நுனியைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி மழுக்கிக்கொள்வதைக் கண்டிருப்பீர்கள். கூர்நுனி நாரை விலக்கிப் பிளக்கும். மழுங்கிய நுனி நாரை நசுக்கி வழிசெய்துகொள்ளும். தச்சரின் கைப்பழக்கமும் பொறியியலாளரின் வரைபடமும் ஒரே உண்மையைத்தான் கூறுகின்றன.

அமெரிக்காவின் மடிசன் நகரிலுள்ள அரசாங்க மர ஆராய்ச்சிக் கூடம், மரத்தில் அறைந்த ஆணிகளைப் பிடுங்கிப் பார்த்து ஒரு விதியை வகுத்தது. ஆணியின் விட்டத்தை இருமடங்காக்கினால் பிடியும் இருமடங்காகும். இறங்கிய ஆழத்தை இருமடங்காக்கினாலும் அவ்வாறே. ஆனால் இருமடங்கு அடர்த்தியுள்ள மரத்தைத் தேர்ந்தால், பிடி ஐந்தரை மடங்குக்கும் மேலாகின்றது! ஆணியை நீட்டுவதிலும் தடிப்பாக்குவதிலும் காட்டும் அக்கறையை மரத்தைத் தேர்வதிற் காட்டுவது எத்துணைப் பயனுடையது என்பது இதனால் விளங்கும்.

இந்திய இரயில்வேயும் கட்டைகளைத் தேர்வதற்கு ஓர் எண்ணை வகுத்திருந்தது. மரத்தின் வலிமையைக் குறிக்கும் எண்ணோடு அதன் கடினத்தைக் குறிக்கும் எண்ணைப் பத்து மடங்காக்கிக் கூட்டி, இருபதால் வகுத்தனர். சாதாரணப் பாதைக்கு இவ்வெண் 783க்குக் குறையலாகாது. பாலத்துக்கோ 1455 வேண்டும். கடினத்துக்கு இத்துணைச் சிறப்பிடம் தந்தமை கருதத்தக்கது.

ஆயினும் கடின மரத்தில் ஆணியை வெறுமனே அறைந்தால் கட்டை வெடிக்கும். அல்லது ஆணி வளையும். எனவே ஆணியின் தடிப்பினும் சற்றே குறுகிய துளையை முன்னரே இடுவர். துளை பெரிதானால் பிடி இல்லை; சிறிதானால் நார் சிதையும். இந்த அளவறிதலிலேயே கலை அடங்கியுள்ளது.

பிடி தளர்வது எதனால்?

முதற் பகை, நனைதலும் உலர்தலும். பச்சை மரத்தில் அறைந்த ஆணி, மரம் உலர்ந்தபின் தன் பிடியிற் பெரும்பகுதியை இழந்துவிடும். உலர்ந்த மரத்தில் அறைந்ததும், மாறி மாறி நனைந்தும் காய்ந்தும் வருமாயின் அவ்வாறே தளரும். காலையில் மூடுபனி, நண்பகலில் வெயில், மாலையில் மழை என்று ஒரே நாளில் முப்பருவம் காணும் நம் மலைநாட்டில், கட்டைக்கு ஓய்வேது?

இரண்டாம் பகை, துரு. ஈரமரத்துள் இரும்பு துருப்பிடிக்கும்போது ஆணி மட்டும் தேய்வதில்லை. அத்துருவின் தொடர்பால் சூழ்ந்துள்ள மரமும் வலுவிழந்து கறுத்து நொய்ந்துபோகின்றது. வெளியே திண்ணென்று காணப்படும் கட்டையும் ஆணித்துளையைச் சுற்றி உளுத்திருத்தல் கூடும்.

மூன்றாம் பகை, மனிதனுடைய அவசரம். தண்டவாளத்தை மாற்றும்போதெல்லாம் ஆணியைப் பிடுங்கிப் பழைய துளையிலேயே மீண்டும் அறைந்தால், ஏற்கெனவே வளைந்து ஓய்ந்த நார்கள் எதைப் பற்றும்? பக்கத்திலே புதுத் துளை இட்டுக்கொண்டே போனாற் கட்டை சல்லடையாகும். அமெரிக்கர் இத்தகைய கட்டையை 'ஆணியாற் கொல்லப்பட்டது' என்று கூறுவர். உளுப்பினால் மாளாத கட்டையும் ஆணியால் மாளுகின்றது.

இங்கே வியப்புக்குரிய ஒரு செய்தி உண்டு. கொக்கித்தலை ஆணியைத் தண்டவாளத்தின் பாதம் நசுங்கும்படி இறுக அறைவது தவறு. அவ்வாறு அறைந்தால், முன்னர்க் கூறிய அலை எழும்போதெல்லாம் ஆணியும் உடன் இழுபடும். தலைக்கும் பாதத்துக்கும் இடையே சிறிது இடம் விட்டால், தண்டவாளம் தன் அசைவை அசைந்துகொள்ளும். ஆணியோ அமைதியாக நிற்கும். சற்றே நெகிழ இடந்தருவதும் உறுதிக்கு ஒரு வழி என்பதை இவ்வாணி நமக்குக் கற்பிக்கின்றது.

அறிஞர் கண்ட மாற்று வழிகள்

பாதத்துக்கும் கட்டைக்கும் இடையே இரும்புத் தட்டு ஒன்றை வைத்தனர். அது பாரத்தைப் பரப்பிக் கட்டை வெட்டுப்படாமற் காக்கின்றது. பக்கத் தள்ளுதலை ஓர் ஆணியின் தலையில் மட்டும் சுமத்தாமல், எல்லா ஆணிகளுக்கும் பங்கிடுகின்றது.

ஐரோப்பியர் பலர் திருகாணியைக் கையாண்டனர். அதன் புரிகள் நார்களுக்கிடையே அமர்வதால் பிடி மிகுதி. ஆயினும் துளையை அளவாக இடவேண்டும். முறுக்கு மிகுந்து உட்புரி சிதைந்துவிட்டாற் பயனில்லை. நார்வே நாட்டுப் பொறியியலாளர் பாண்டே-ரொல்ப்சன் 1950களில் வகுத்த வளைந்த எஃகுக் கவ்வி, இன்னொரு வழியைக் காட்டியது. தண்டவாளத்தை அழுத்திப் பிடிக்கும் பணியை அவ்வில் செய்கின்றது. அது அலையோடு தானும் நெகிழ்ந்து மீள்கின்றது. இன்று உலகெங்கும் கொங்கிரீட்டுக் கட்டைகளில் இத்தகைய கவ்விகளே பெரிதும் வழங்குகின்றன. மரக்கட்டைகள் உள்ள இடங்களிலோ, ஆணியும் திருகாணியும் இன்னும் தம் கடமையைச் செய்கின்றன.

காக்கும் கைகள்

மரக்கட்டையை நெடுங்காலம் காக்கும் முறைகள் அரியனவல்ல. ஜோன் பெதெல் என்பார் 1838இல் உரிமம் பெற்ற முறைப்படி, கிரியோசோட் எண்ணெயைக் கட்டையுட் செலுத்தலாம். ஆணித்துளைகளை எண்ணெய் ஏற்றுமுன்னரே இட்டுவிட்டால், துளையின் உட்சுவரும் எண்ணெய் பெறும். பிறகு துளையிட்டாற் காவலற்ற மரம் வெளிப்பட்டு மழைநீருக்கு வாயிலாகும். ஆணியைப் பிடுங்கிய துளையை, எண்ணெய் ஊட்டிய மரச்சக்கை கொண்டு இறுக அடைத்தபின்னரே மீண்டும் அறைய வேண்டும். இவற்றுள் ஒன்றேனும் பெருஞ்செலவுடையதன்று. ஒவ்வொன்றும் பொறுமையை வேண்டுவது.

அந்தப் பொறுமையை உடையோர் யார்? மழையிலும் பனியிலும் பாதை வழியே நடந்து, கட்டை கட்டையாக நோக்கி, எழுந்த ஆணியை அமர்த்தியும், உளுத்த கட்டையைக் குறித்தும் செல்லும் தொழிலாளரே அவர். வண்டி நேரத்துக்கு வந்து சேர்ந்தால் அவரை எவரும் நினைப்பதில்லை. அவர் கையில் நல்ல கட்டையும், உரிய ஆணியும், போதிய அவகாசமும் இருத்தல் வேண்டும். இவற்றைக் குறைத்துச் சேமிக்கும் பணம், பிறிதொரு நாள் வளைவொன்றிற் பன்மடங்காகக் கைவிட்டுப் போகும்.

மாணவச் செல்வங்களே! விடுமுறை நாளில் வீட்டுப் பெரியோர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரு சோதனை செய்து பாருங்கள். மென்மையான பெட்டிப் பலகைத் துண்டு ஒன்றிலும், கடினமான மரத்துண்டு ஒன்றிலும் ஒரே அளவான ஆணிகளை ஒரே ஆழத்துக்கு அறையுங்கள். கடினமான துண்டிற் சிறு துளையிட்டு அறைதல் நன்று. பின்னர் இரண்டையும் பிடுங்குங்கள். பிடுங்கிய துளைகளில் அதே ஆணிகளை மறுபடியும் அறைந்து, மீண்டும் பிடுங்கிப் பாருங்கள். மரத்தின் தேர்வு யாது செய்யும், இரண்டாம் முறை அறைதல் யாது செய்யும் என்பவற்றை உங்கள் கையே உங்களுக்குக் கூறிவிடும்.