தாத்தா காட்டிய சிங்கம்!

"எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்கள், அப்பா!"

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால் போதும். எல்லா வீடுகளிலும் இதே பல்லவிதான். அப்பா சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பார். அம்மா காலண்டரைப் பார்ப்பாள். பேச்சு இரண்டு நாள் நடக்கும். கடைசியில் எங்கே போவார்கள், தெரியுமா?

அப்பா சிறு பையனாக இருந்தபோது, அவருடைய அப்பா அவரை எங்கே அழைத்துப் போனாரோ, அங்கேதான்!

வேடிக்கையாக இருக்கிறதா? யோசித்துப் பாருங்கள். சென்னையில் வி.ஜி.பி. பூங்காவின் வாசலில் ஒரு சிலை மனிதர் நின்றார். கோமாளித்தனம் செய்தாலும் சரி, கூச்சல் போட்டாலும் சரி, அவர் சிரிக்கமாட்டார், அசையமாட்டார். அவர் முன்னே நின்று முகத்தைக் கோணிக் காட்டிய பிள்ளைகள் இன்று தாய் தகப்பன்மார். "அங்கே ஒருத்தர் நின்றார், பார்!" என்று தங்கள் குழந்தைகளுக்குக் கதை சொல்கிறார்கள். தாம்பரத்துக்கு அருகே 1995-ல் தொடங்கிய கிஷ்கிந்தாவுக்கும் இப்படி எத்தனையோ கதைகள் உண்டு.

பெஞ்சில் உட்கார்ந்த அப்பா

உலகத்தில் பேர் பெற்ற கேளிக்கைப் பூங்கா, அமெரிக்காவில் உள்ள டிஸ்னிலாந்து. 1955-ஆம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி திறக்கப்பட்டது. அதைக் கட்டியவர் வால்ட் டிஸ்னி. மிக்கி மவுஸ் என்ற எலியைப் படைத்தாரே, அவர்தான்.

அவருக்கு இரண்டு பெண்கள். சனிக்கிழமை தோறும் அவர்களைக் குதிரை ராட்டினம் சுற்ற அழைத்துப் போவார். பிள்ளைகள் சுற்றுவார்கள். அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அப்பாவுக்கு அங்கே வேறு வேலை இல்லை! பெற்றவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் அந்தப் பெஞ்சில்தான் பிறந்தது என்று அவரே பிறகு சொல்லியிருக்கிறார்.

டிஸ்னிலாந்து திறந்தபோது இருந்த குதிரை ராட்டினம் இன்றும் சுற்றுகிறது. காட்டாற்றுப் படகும் ஓடுகிறது. பாட்டி ஏறிய ராட்டினத்தில் பேத்தியும் ஏறுகிறாள். தலைமுறை தலைமுறையாக மக்கள் அங்கே போகிறார்கள் என்றால், காரணம் இதுதான். இடம் அப்படியே இருக்கவேண்டும். "நான் உன் வயதில் இங்கேதான் நின்றேன்" என்று பெரியவர் விரலால் சுட்டிக் காட்டவேண்டும். காட்ட ஒன்றும் மிச்சம் இல்லையென்றால், சொல்லக் கதை ஏது?

ராட்டினம் இல்லாத பூங்கா

அரியலூர் மாவட்டத்தில் அப்படி ஓர் இடம் இருக்கிறது. அங்கே ராட்டினம் இல்லை. நீர்ச்சறுக்கு இல்லை. நுழைவுச் சீட்டும் இல்லை! கங்கைகொண்ட சோழபுரம் கோயில்தான் அது.

கோயிலைக் கேளிக்கைப் பூங்காவோடு சேர்த்துப் பேசலாமா என்று கோபிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் அங்கே போய்ப் பாருங்கள். முதலில் சாமி கும்பிடுகிறார்கள். அப்புறம் புல்வெளியில் வட்டமாக உட்காருகிறார்கள். தூக்குவாளி திறக்கிறது. புளியோதரை மணக்கிறது. பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடுகிறார்கள். ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரித் தோப்பு ஊர்களிலிருந்து, தாத்தா காலத்தில் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். அப்பா காலத்தில் பஸ். இப்போது மோட்டார் சைக்கிளும் காரும். வண்டிதான் மாறியிருக்கிறது. புளியோதரை மாறவில்லை!

பிள்ளைகள் முதலில் ஓடுவது எங்கே? சிங்கக் கிணற்றுக்கு!

கோயிலின் வடபக்கத்தில் ஒரு பெரிய சிங்கம் உட்கார்ந்திருக்கிறது. கட்டி, சுதை பூசிய சிங்கம். அதன் உடலுக்குள்ளே வாசல். வாசலுக்குள் படிகள் இறங்குகின்றன. படிகள் கிணற்றுத் தண்ணீருக்குப் போகின்றன. குழந்தையின் கண்ணுக்கு இதைவிட அதிசயம் வேறு வேண்டுமா?

நான் போயிருந்த அன்று ஒரு தாத்தாவும் பேரனும் அங்கே நின்றார்கள்.

"தாத்தா, இது நெசச் சிங்கமா?"

"ஆமாண்டா. ராத்திரியில எழுந்து கோயிலச் சுத்தி வரும்."

"பொய்!"

"எங்க அப்பா எனக்கு அப்படித்தான் சொன்னாரு. பத்து வயசு வரைக்கும் நான் நம்பிக்கிட்டு இருந்தேன்."

பையன் சிங்கத்தை ஒரு முறை பார்த்தான். தாத்தாவை ஒரு முறை பார்த்தான். பிறகு தாத்தாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டான்.

கங்கைத் தண்ணீரை ராஜேந்திர சோழர் இந்தக் கிணற்றில்தான் ஊற்றினார் என்பது ஊர்க் கதை. சிங்கமும் படியும் பிற்காலத்தில் உடையார்பாளையம் ஜமீன்தார் அமைத்தவை என்பது ஆராய்ச்சிக்காரர்கள் சொல்வது. வீட்டில் அப்பாயி எதைச் சொல்வாள் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

அப்பா கோயில், மகன் கோயில்

இந்த இடமே ஒரு தகப்பன் – மகன் கதைதான்.

தஞ்சைப் பெரிய கோயிலை ராஜராஜ சோழர் 1010-ல் முடித்தார். அவர் மகன் ராஜேந்திரர் 1012-ல் இளவரசுப் பட்டம் பெற்றார். 1014-ல் முழு அரசரானார். அவருடைய படை வடக்கே கங்கை வரை போயிற்று. அரசர் கோதாவரிக் கரையில் காத்திருந்து, வெற்றியோடு திரும்பிய படையை எதிர்கொண்டார். இது நடந்தது 1023 வாக்கில். அந்த வெற்றியின் நினைவாக எழுந்ததே புதிய தலைநகரம். சுமார் 250 ஆண்டு காலம் சோழ நாட்டை ஆண்ட ஊர் இது. இன்று அரண்மனை இருந்த இடம் மாளிகைமேடு. அங்கே தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டத் தோண்டச் செங்கல் சுவர்களும், கூரை ஓடுகளும், சீனத்துப் பீங்கான் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன.

தஞ்சை விமானம் 60 மீட்டருக்கு மேல் உயரம். மகன் கட்டியது சுமார் 53 மீட்டர். அப்பாவின் கோபுரம் நேராக, விறைப்பாக நிற்கிறது. மகனுடையது இடுப்பில் லேசாக உள்வாங்கி, நளினமாக வளைந்து மேலே போகிறது.

மகன் ஏன் குறைத்துக் கட்டினார்? "அப்பாவை மிஞ்சக்கூடாது என்ற மரியாதை!" என்று கோயிலுக்கு வரும் தகப்பன்மார் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். இதற்குக் கல்வெட்டு ஆதாரம் கிடையாது. ஆனால் எந்தத் தகப்பன் இந்தக் கதையை விடுவார்?

ராஜேந்திரரின் குடும்பப் பாசத்துக்குச் சாட்சி வேண்டுமென்றால் வேறொன்று இருக்கிறது. பழையாறைப் பக்கத்தில், தம் சிற்றன்னை பஞ்சவன் மாதேவிக்கு அவர் பள்ளிப்படைக் கோயில் எடுத்தார். பெறாத தாய்க்குக் கோயில் கட்டிய மகன்!

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வந்தவர்கள் வடக்கு வாசலருகே ஒரு சிற்பத்தைப் பார்க்காமல் திரும்பக்கூடாது. சிவபெருமான் பார்வதியோடு அமர்ந்து, கீழே பணிந்திருக்கும் சண்டேசரின் தலையில் பூமாலையைச் சுற்றுகிறார். அந்தக் கைகளின் பரிவைப் பாருங்கள். பள்ளிக்கூடம் புறப்படும் பிள்ளைக்குத் தலை சீவிவிடும் கைகள் போலிருக்கும்.

காணாமற்போன சுவர்

கோயிலைச் சுற்றி வரும்போது ஒரு கேள்வி எழும். இவ்வளவு பெரிய கோயிலுக்குப் பெரிய மதில் எங்கே? வாசற்கோபுரம் எங்கே?

கும்பகோணத்திலிருந்து வருகிறவர்கள் அதைக் கடந்துதான் வந்திருக்கிறார்கள்!

கொள்ளிடத்தின் குறுக்கே இருக்கிறதல்லவா அணைக்கரை? கீழணை என்றும் சொல்வோம். ஆங்கிலேயர் ஆட்சியில், 1836-ல் கட்டப்பட்டது. அணைக்குக் கல் வேண்டும். மலை அருகில் இல்லை. கோயில் அருகில் இருந்தது. மதிலைப் பிரித்தார்கள். கோபுரத்தைப் பிரித்தார்கள். செதுக்கிய கற்கள் வண்டி வண்டியாகக் கொள்ளிடத்துக்குப் போயின.

ஊரார் சும்மா இருந்தார்களா? இல்லை. ஏழை எளிய ஜனங்கள்தான். தங்களால் ஆன மட்டும் தடுத்துப் பார்த்தார்கள். நடக்கவில்லை. தடுத்தவர்களுக்குத் தண்டனை கிடைத்தது! பிரித்த கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்தார்கள். அந்த வாக்கு காற்றோடு போயிற்று. இவ்வளவையும் 1855-ல் ஒருவர் வருத்தத்தோடு எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தண்டனை பெற்றவர்களின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. அவர்களும் சிறு வயதில் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த மதிலோரம் நடந்தவர்களாகத்தான் இருக்கவேண்டும். இல்லாவிட்டால், கல்லுக்காகத் தண்டனை வாங்க யார் வருவார்கள்?

ஆனால் ஒன்றையும் மறைக்கக்கூடாது. அந்த அணை பாழ் போகவில்லை. அங்கே தேங்கும் நீர் வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போகிறது. வயல்கள் விளைகின்றன. 2004 முதல் சென்னைக்கும் வீராணத்துக் குடிநீர் வருகிறது. அணை தேவைதான். கல்லை வேறிடத்தில் எடுத்திருக்கலாம் என்பதே என் கருத்து.

மதில் போயிற்று. ராஜேந்திரர் வெட்டிய சோழகங்கம் என்ற பேரேரி, இன்று பொன்னேரி எனப்படுவது, பழைய அளவில் இல்லை. 1855-ல் எழுதியவர் அதன் கரையின் நீளத்தை 16 மைல் என்று குறித்தார். "தண்ணீராலான வெற்றித் தூண்" என்ற பொருளில் திருவாலங்காட்டுச் செப்பேடு அதைப் புகழ்கிறது. ஏரிக்கு எப்பேர்ப்பட்ட பெயர், பாருங்கள்!

மீதியைத் தொல்லியல் துறை காக்கிறது. யுனெஸ்கோ நிறுவனம் 2004-ல் இந்தக் கோயிலை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. தஞ்சைக்கு அந்தச் சிறப்பு 1987-லேயே கிடைத்துவிட்டது. இங்கும் அப்பாதான் முந்திக்கொண்டார்!

கதை கேட்டு வந்தவர்கள்

இன்னொரு வழியாகவும் இந்த ஆசை வீட்டுக்குள் நுழைந்தது. அது பத்திரிகைத் தொடர்கதை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வெளிவந்தது. கதை தொடங்குவதே பக்கத்திலுள்ள வீராணம் ஏரிக்கரையில்தான். வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, கட்டடம் செய்து, பீரோவில் வைத்த வீடுகள் எத்தனை! ராஜேந்திரரையே நாயகனாக வைத்து அகிலன் எழுதிய 'வேங்கையின் மைந்தன்' 1963-ல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றது. பாட்டி தொடராகப் படித்தாள். அம்மா புத்தகமாகப் படித்தாள். பேத்தி 2022-ல் 'பொன்னியின் செல்வனை'ச் சினிமாவாகப் பார்த்தாள். பார்த்ததும், "சோழர் ஊருக்குப் போகவேண்டும்" என்று அடம் பிடித்தாள். காரில் மூன்று பேரும் சேர்ந்து வருகிறார்கள். வழியெல்லாம் வந்தியத்தேவனைப் பற்றிச் சண்டை!

ஐப்பசிப் பௌர்ணமி

போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கும்பகோணத்திலிருந்து சுமார் 35 கிலோ மீட்டர். உச்சிவெயிலில் போகாதீர்கள். நடை சாத்தியிருக்கும். தரைக்கல் நெருப்பாகச் சுடும். குழந்தைகள் தவளை போலக் குதிப்பார்கள். மாலைதான் நல்லது. வெயில் சாயும்போது விமானம் தங்க நிறமாகும்.

ஒரே நாள்தான் போக முடியும் என்றால், ஐப்பசிப் பௌர்ணமியன்று போங்கள். அன்று அன்னாபிஷேகம். சுமார் 13 அடி உயர லிங்கத்தைச் சோற்றால் மூடுகிறார்கள். 100 மூட்டை அரிசி என்பார்கள். அடுப்புகள் எரிகின்றன. ஆவி பறக்கும் சோற்றைக் கூடை கூடையாகக் கைமாற்றிக் கொண்டுபோகிறார்கள். கறுத்த லிங்கம் கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளை மலையாகிறது. பிறகு அந்தச் சோறு வந்தவர்களுக்கெல்லாம் பிரசாதம். மூட்டைகளில் அணைக்கரைத் தண்ணீரில் விளைந்த நெல்லும் இருக்கக்கூடும்.

அன்று கூட்டம் சொல்லி முடியாது. வரிசை நீளமாக இருக்கும். சிறு பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொள்ளுங்கள். அப்போதுதான் அவர்களுக்கு லிங்கம் தெரியும்.