ஏரியல் மாட்டினால் வேறு சட்டம்

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடையே நிலம் பெரும்பாலும் மேடு பள்ளமில்லாமல் விரிந்து கிடக்கிறது. பண்பலை அலைக்கு மறைப்பு குறைவு. கொடைக்கானல் வானொலியின் 100.5 மெகாஹெர்ட்ஸ் ஒலிபரப்புக்கு உதவும் இந்த வெட்டவெளி, ஒரு பழுது பார்க்கும் கடையிலிருந்து கசியும் சின்ன அலையையும் தூரம் கொண்டுபோகும்.

ரேடியோ மெக்கானிக்கின் மேசையில் சிக்னல் ஜெனரேட்டர் இருக்கும். அது 455 கிலோஹெர்ட்ஸ் அலையைத் தர, மெக்கானிக் ரேடியோவின் காயில்களைத் திருகிச் சரிசெய்வார். அலை கம்பி வழியாகப் பெட்டிக்குள் போகும்வரை அது சோதனைக் கருவி. அதே கருவியைப் பண்பலை வரிசைக்குத் திருப்பி ஏரியல் மாட்டிவிட்டால், சட்டத்தின் பார்வையில் ஒலிபரப்பியாகிவிடும்.

1933-ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் கடுமையானது. உரிமம் இல்லாமல் கம்பியில்லாக் கருவியை வைத்திருப்பதே குற்றம். ஆனால் பொதுவான மின்வேலைகளுக்குப் பயன்படும் சாதனத்தை அது விட்டுவிடுகிறது. செய்தித் தொடர்புக்கென்றே செய்ததாகவோ மாற்றி அமைத்ததாகவோ இருந்தால்தான் பிடிக்கும். உரிமமில்லாத ஒலிபரப்பிக்கு மூன்றாண்டுச் சிறைவரை உண்டு. 2023-இன் தொலைத்தொடர்புச் சட்டம் இந்தப் பழைய ஏற்பாட்டின் இடத்தைப் படிப்படியாகப் பிடித்துவருகிறது.

பீகாரில் வைசாலி மாவட்டத்து மன்சூர்பூரில் ஒரு ரேடியோ கடைக்காரர் சொற்பச் செலவில் பண்பலை நிலையமே அமைத்துவிட்டார். பாட்டும் ஊர்ச் செய்தியும் ஒலித்தன, ஊரே கொண்டாடியது. 2006-இல் உரிமம் இல்லை என்று மூடப்பட்டது. அந்தத் திறமைக்குச் சட்டத்தில் இடம் இல்லாமல் போனது வருத்தத்துக்குரியது. அதே ஆண்டின் பிற்பகுதியில்தான் தொண்டு நிறுவனங்களுக்குச் சமுதாய வானொலி திறந்துவிடப்பட்டது. திருச்சுழிக்குத் தென்கிழக்கே, பாம்பன் மீனவர்களின் கடல் ஓசை 90.4 அந்த வழியில் வந்ததுதான். இத்தகைய நிலையங்களுக்கு வழக்கமான உச்சவரம்பு 100 வாட்.

உரிமமே கேட்காத அலைவரிசைகளும் இருக்கின்றன. 2005-இல் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை, ஒரு வாட் திறனுக்குள் இயங்கும் கருவிகளுக்கு அரசு விலக்கு அளித்தது. தோட்டத்து மண் ஈரத்தை வீட்டுக்குச் சொல்லும் உணர்கருவி இதில் இயங்கலாம். ஒன்று மட்டும்: பிறருக்கு இடைஞ்சல் தரக்கூடாது, தனக்கு இடைஞ்சல் வந்தால் பாதுகாப்புக் கேட்கவும் முடியாது.

சோதனைக் கருவிகளுக்கு அமெரிக்காவிலும் இதே போன்ற நிபந்தனைதான். அங்கே தொழிற்சாலை, மருத்துவமனைகளுக்கான டிஜிட்டல் சோதனைக் கருவிகளுக்கு முன்சோதனை விலக்கு உண்டு. ஆனால் இடைஞ்சல் கண்டால் உடனே நிறுத்தவேண்டும்.

கடைக்காரருக்குத் தேவையான முன்னெச்சரிக்கை எளிதுதான். ஏரியலுக்குப் பதில் 50 ஓம் டம்மி லோடு மாட்டி, உறையிட்ட கேபிளில் இணைத்தால், அலையின் ஆற்றல் பெரும்பாலும் அங்கேயே வெப்பமாகிவிடுகிறது.