முதலில் குரல், கடைசியில் இசை

பின்னணி இசையே இல்லாமல் ஒரு முழுநீளப் படம் ஓடுமா? 1937-இல் ஓடியது. புனேயில் பிரபாத் நிறுவனத்துக்காக வி. சாந்தாராம் இயக்கிய ‘குங்கு’ என்ற மராத்திப் படத்தில் பாட்டு உண்டு. ஆனால் காட்சிக்கு அடியில் வாசிக்கும் வாத்தியக் கோஷ்டி கிடையாது. சுவர்க் கடிகாரம், வீட்டுச் சந்தடி என்று கதைக்குள் இருக்கும் ஓசைகளே அந்த வேலையைச் செய்தன. பிரபாத் ஸ்டூடியோ இருந்த அதே வளாகத்தில்தான் 1960-இல் திரைப்படக் கல்லூரி தொடங்கியது. இன்று எஃப்.டி.ஐ.ஐ. என்று நாடே அறிந்த இடம்.

பள்ளி, கல்லூரி ப்ராஜெக்ட் வீடியோக்களில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. முதலில் ஒரு பாட்டைப் போட்டு, அதன்மேல் படங்களை அடுக்கி, மிச்சமிருக்கும் இடத்தில் பேச்சைத் திணிக்கிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போட்டாலே பாதித் தொல்லை தீரும். முதலில் குரல், அடுத்து அந்த இடத்தின் ஓசை, கடைசியில் இசை.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் ஆஷாட ஏகாதசிக்கு முன்பு தேஹுவிலிருந்து பக்திக் கவி துக்காராமின் பல்லக்கும் ஆளந்தியிலிருந்து பக்திக் கவி ஞானேஸ்வரரின் பல்லக்கும் புனே வழியாகப் பண்டரிபுரம் போகின்றன. அதைப் பற்றி மூன்று நிமிட வீடியோ ஒன்று செய்யப்போகிறீர்கள்.

குரல் என்ன சொல்ல வேண்டும்?

திரையில் வாரகரிகள் எனப்படும் பண்டரிபுர யாத்ரீகர்கள் நடந்துபோகும்போது “வாரகரிகள் நடந்து செல்கிறார்கள்” என்று சொல்வது வீண். அது கண்ணுக்கே தெரிகிறது. “துக்காராமின் பல்லக்கு இன்றிரவு நானா பேட்டில் நிவடுங்க்யா விட்டோபா கோயிலில் தங்கும்” என்றால், படம் சொல்லாத ஒன்றைக் குரல் சொல்கிறது. எஃப்.டி.ஐ.ஐ.யில் படித்த பாயல் கபாடியாவின் ‘எ நைட் ஆஃப் நோயிங் நத்திங்’ இதை வெகுதூரம் கொண்டுபோன படம். 2015-இல் அந்தக் கல்லூரி மாணவர்கள் செய்த வேலைநிறுத்தம் திரையில் ஓடும். குரலோ ஒரு மாணவி தன் காதலனுக்கு எழுதிய கடிதங்களைப் படிக்கும். 2021-இல் கான் விழாவில் சிறந்த ஆவணப்படத்துக்கான விருதை அது பெற்றது.

எழுதியதை வாய்விட்டு, கடிகாரம் வைத்துப் படியுங்கள். மூன்று நிமிட வீடியோவுக்கு இரண்டு நிமிடப் பேச்சு போதும். ‘மேற்கொள்ளப்பட்டு வருகின்றது’ போன்ற இடங்களில் நாக்கு தடுக்கும். அங்கெல்லாம் ‘நடக்கிறது’ என்று மாற்றிவிடுங்கள்.

பதிவு செய்யும்போது

போன் மைக்கே போதும்; அறைதான் முக்கியம். வெறும் சுவர்கள் குரலை எதிரொலிக்கும். துணிகள் தொங்கும் அலமாரி முன்னாலோ, மெத்தையும் போர்வையும் இருக்கும் அறையிலோ பேசுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். போன் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் இருந்தால் ‘ப’, ‘ட’ எழுத்துகளில் காற்று மைக்கில் மோதாது. பேசி முடித்தபின் அரை நிமிடம் யாரும் பேசாமல் அறையின் மௌனத்தையும் பதியுங்கள். வாக்கியங்களுக்கு நடுவே வெட்டி ஒட்டும் இடத்தில் அதை வைத்தால் ஒட்டு தெரியாது.

லெவல் மீட்டரில் குரலின் உச்சம் மைனஸ் 6 டெசிபல் அளவில் நிற்கட்டும். பூஜ்யத்தைத் தொட்டு உடைந்த ஒலியை எந்த மென்பொருளாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. வெட்டவும் கலக்கவும் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும்.

இடத்தின் ஓசையும் இசையும்

ஊர்வலத்தில் தாளமும் பக்வாஜ் மேளமும் கேட்கும். காலடிச் சத்தமும் டீக்கடைச் சந்தடியும் உண்டு. அவற்றைத் தனியாக இரண்டு நிமிடம் பதிந்து வாருங்கள். குரலுக்கு அடியில் தனி ட்ராக்காக அதை ஓடவிட்டால், பார்ப்பவர் அந்தத் தெருவில் நிற்பார். அதன் பிறகும் ஏதோ குறைகிறது என்று தோன்றினால் மட்டும் இசையைத் தேடுங்கள்.

பேச்சுக்கு அடியில் பாட்டு வேண்டாம். இரண்டு மொழி ஓட்டங்கள் மோதும். வாத்திய இசை போதும். இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. நெறிமுறையின் உயர்நிலை, பின்னணி ஒலி பேச்சைவிட 20 டெசிபலாவது தாழ்ந்திருக்கச் சொல்கிறது. காதுக்கு அது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் கேட்கும். குரல் தொடங்குவதற்கு அரை நொடி முன்பே இசையை இறக்குங்கள். குரல் நின்றபின் மெல்ல ஏற்றுங்கள். ஆடாசிட்டியில் ‘ஆட்டோ டக்’ இதைத் தானாகவே செய்யும்.

யாருடைய இசை?

துக்காராம் 17-ஆம் நூற்றாண்டுக்காரர். அவருடைய அபங்கம் என்ற பக்திப் பாடல்களின் வரிகளுக்கு இன்று யாரும் உரிமை கோர முடியாது. ஆனால் அதையே பீம்சேன் ஜோஷி பாடிய இசைத்தட்டிலிருந்து எடுத்தால் கதை வேறு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, மெட்டுக்கு அதை அமைத்தவரின் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டும் உரிமை உண்டு. ஒலிப்பதிவுக்கு அது வெளியானதிலிருந்து 60 ஆண்டு. வகுப்புப் பாடத்துக்குப் பயன்படுத்தச் சட்டம் சில விலக்குகள் தருகிறது. யூடியூபில் ஏற்றியபின் அவற்றை நம்ப முடியாது. யூடியூப் ஆடியோ லைப்ரரியில் இலவச இசை கிடைக்கும். சிலவற்றுக்கு இசைத்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும்; படித்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் நல்ல வழி, இசை படிக்கும் நண்பரை வாசிக்கச் சொல்லி அவர் பெயரைக் கடைசியில் போடுவது.

வீடியோ முடிந்ததும் ஹெட்போனில் ஒரு முறை, போனின் சின்ன ஸ்பீக்கரில் ஒரு முறை கேளுங்கள். பிறகு படத்தைப் பார்க்காத ஒருவரிடம் போட்டுக் காட்டி, குரல் என்ன சொன்னது என்று கேளுங்கள். அவர் தடுமாறும் இடத்தில் இசையைக் குறையுங்கள். குறைத்தும் புரியவில்லை என்றால் அங்கே இசையே வேண்டாம்.