பெயருக்கு வந்த விலை

கடைத்தெருவின் முனையில் உள்ள மனைக்கு ஒரு விலை. ஊர்க்கோடியில் முட்புதரிடையே கிடக்கும் மனைக்கு வேறொரு விலை. இரண்டும் ஒரே அளவுடைய நிலந்தான். இருக்கும் இடமே விலையை வேறுபடுத்துகின்றது. இஃது யாவரும் அறிந்ததே. ஆனால் மண்ணும் எல்லைக் கல்லும் இல்லாத வெறும் பெயர் ஒன்று பல கோடிக்கு விலை போகின்றது என்றால் வியப்பாக இருக்கின்றதன்றோ? இணையத்தில் வழங்கும் டொமைன் பெயர்கள் அத்தகையவை.

இணையத்தில் சேர்ந்த கணிப்பொறிகளுக்கு எண்களால் ஆன முகவரி உண்டு. நீண்ட எண்களை மாந்தர் நினைவில் வைத்தல் அரிது. ஆகவே, பெயரைக் கொடுத்தால் அதற்குரிய எண்ணைத் தேடித் தரும் முறையைப் பால் மொக்கபெட்ரிஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 1983ஆம் ஆண்டில் வகுத்தார். 1985ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15ஆம் நாளன்று, 'காம்' என்று முடியும் முதற்பெயராகச் 'சிம்பாலிக்ஸ்.காம்' பதிவாயிற்று. அந்நாளில் பதிவுக்குக் கட்டணமே இல்லை. 1995ஆம் ஆண்டில்தான் இரண்டு ஆண்டுகளுக்கு 100 டாலர் என்று விதித்தனர். பெயரைப் பதிந்தவரை உரிமையாளர் என்கிறோம்; உண்மையில் அவர் குத்தகைக்காரரே. கட்டணம் செலுத்தத் தவறினால் பெயர் கைவிட்டுப் போகும்.

ஒரு பெயரை ஒருவரே வைத்திருக்க இயலும். விலையின் வேர் இதுவே. வணிகம் என்னும் பொருள்படும் 'பிசினஸ்.காம்' 1997இல் 1,50,000 டாலருக்கு விற்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 1999இல், அதன் விலை 75 இலட்சம் டாலராயிற்று. 'வாய்ஸ்.காம்' 2019இல் 3 கோடி டாலருக்குக் கைமாறியது. சுருக்கமும் தெளிவும் உடைய சொல்லை எவரும் எளிதில் மறவார். விளம்பரச் செலவும் குறையும். எனினும், இவ்விற்பனைகளைக் கேட்டு மயங்கிப் பெயர்களை வாங்கிக் குவித்தோர் பலருக்கு ஆண்டுக் கட்டணமே மிச்சம். கேட்பார் இல்லாத பெயருக்கு ஏது விலை?

பிறர் பெயரைத் தமக்கெனப் பதிந்தோரும் உண்டு. 1994இல் ஜோஷுவா குவிட்னர் என்னும் பத்திரிகையாளர், புகழ் பெற்ற உணவு நிறுவனமாகிய மெக்டொனால்ட்ஸின் பெயர் எவராலும் பதியப்படாமல் கிடப்பதைக் கண்டு தாமே பதிந்துகொண்டார். பின்னர், பள்ளி ஒன்றின் கணிப்பொறி வசதிக்காக அந்நிறுவனம் 3,500 டாலர் வழங்கவே, பெயரை ஒப்படைத்தார். எல்லாரும் இவ்வாறு பெருந்தன்மையுடன் நடந்துகொள்ளவில்லை. பெயரைப் பிடித்து வைத்துக்கொண்டு பெரும்பணம் கேட்டோர் பலர். ஆதலின், பிறருடைய வணிகக் குறியைத் தீய நோக்குடன் பதிந்தவரிடமிருந்து பெயரை மீட்பதற்கு 1999இல் விதி வகுக்கப்பட்டது.

தனி மனிதர்க்கு அன்றி, ஒரு நாட்டுக்கே இவ்வகை வாய்ப்புக் கிட்டியது. பசிபிக் பெருங்கடலில் உள்ள துவாலு ஒன்பது சிறு தீவுகளால் ஆனது. அதன் நிலப்பரப்பு ஏறத்தாழ 26 சதுர கிலோமீட்டர்; மக்கள் ஏறத்தாழப் பதினோராயிரவர். ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டெழுத்துக் குறியீடு வழங்கியபோது துவாலுவுக்கு வாய்த்தவை 'டிவி' என்னும் எழுத்துகள். தொலைக்காட்சியைக் குறிப்பனவும் அவையே! இதனைத் திட்டமிட்டவர் ஒருவரும் இலர். 2000ஆம் ஆண்டில் அமெரிக்க நிறுவனம் ஒன்று அவ்வெழுத்துகளைப் பயன்படுத்தும் உரிமைக்காகப் பன்னிரண்டு ஆண்டுகளில் 5 கோடி டாலர் தர உடன்பட்டது. அவ்வருவாயின் துணையால், செலவுக்கு அஞ்சித் தயங்கியிருந்த துவாலு, அவ்வாண்டிலேயே ஐக்கிய நாடுகள் அவையில் 189ஆம் உறுப்பினராயிற்று. கரீபியக் கடலில் உள்ள அங்குயிலாவின் 'ஏஐ' என்னும் எழுத்துகள் செயற்கை நுண்ணறிவையும் குறித்தலால், 2023இல் அத்தீவு அரசின் வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அவற்றால் கிடைத்தது.

துவாலுவின் நிலம் மிகத் தாழ்ந்தது. அதன் மிக உயர்ந்த இடமும் கடல்மட்டத்திற்கு மேல் ஐந்து மீட்டருக்கு உட்பட்டதே. கடலோ ஆண்டுதோறும் உயர்ந்து வருகின்றது. நாட்டுக்குரிய எழுத்துகள் நாட்டோடு மறைதலும் உண்டு. யூகோஸ்லாவியா என்னும் நாடு இல்லாதொழிந்தபின், அதற்குரிய 'யூ' என்னும் குறியீடு 2010ஆம் ஆண்டில் இணையத்தினின்றும் நீக்கப்பட்டது. அதனை ஈற்றில் கொண்டிருந்த பெயர்கள் யாவும் அன்றோடு வழக்கொழிந்தன.