உரச் சாக்குக்குள் ஒரு நெருப்புக் கணக்கு

ஒரு சொம்புத் தண்ணீரில் கைப்பிடி யூரியாவைப் போட்டுக் கலக்கிப் பாருங்கள். சொம்பு சில்லென்று ஆகிவிடும். இன்னொரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, சுட்ட கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் அது கொதித்துப் பொங்கும். ஒன்று ஏன் குளிர்கிறது, மற்றது ஏன் சுடுகிறது? இதைப் புரிந்துகொண்டால் உரத்தின் உண்மையான விலையும் புரியும், கம்போஸ்ட் குவியலும் நம் சொல்படி கேட்கும்.

முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் பேரேடு பார்த்தவன் நான். எனக்கு இது பற்று வரவுக் கணக்காகத்தான் தெரிகிறது. அணுக்களைப் பிடித்து வைத்திருக்கும் பிணைப்பை உடைக்க ஆற்றலைச் செலவழிக்க வேண்டும், அது பற்று. புதுப் பிணைப்பு உண்டாகும்போது ஆற்றல் வெளியே வரும், அது வரவு. வரவு அதிகமென்றால் வெப்பம் வெளியேறும். அதுதான் வெப்ப உமிழ் வினை. பற்று அதிகமென்றால் சுற்றுப்புறத்திலிருந்து வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். அது வெப்பக் கொள் வினை. யூரியா கரைவது வினை இல்லை, வெறும் கரைதல்தான். ஆனாலும் கணக்கு அதேதான்: படிகத்தைப் பிரிக்கத் தேவையான வெப்பத்தை அது தண்ணீரிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது.

இப்போது பெரிய கணக்குக்கு வருவோம். நான் இருக்கும் எம்.கே.பி. நகருக்கு வடக்கே மணலி. அங்கேதான் 1971 முதல் மெட்ராஸ் உரத் தொழிற்சாலை அம்மோனியாவும் யூரியாவும் தயாரிக்கிறது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஆனால் அதன் இரண்டு அணுக்களும் மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கட்டை அவிழ்க்க ஒரு மோலுக்கு சுமார் 945 கிலோ ஜூல் வேண்டும். கூடச் சேரும் மூன்று மோல் ஹைட்ரஜனைப் பிரிக்க 1,308. மொத்தப் பற்று 2,253. அம்மோனியா உருவாகும்போது வரவு 2,346. மிச்சம் 93 கிலோ ஜூல் வெப்பமாக வெளியே வருகிறது.

"லாபமான வினைதானே, சார்? அப்புறம் எதற்கு இத்தனை எரிபொருள்?" என்று ஒரு இளம் விவசாயி என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. கடனுக்கு எவ்வளவு நல்ல திட்டம் கொண்டுவந்தாலும் முன்பணம் கட்டாமல் வேலை தொடங்காது. இந்த வினைக்கும் ஒரு முன்பணம் உண்டு; கிளர்வு ஆற்றல் என்பார்கள். இரும்பு வினையூக்கி அதைக் குறைத்தும்கூட, 400 முதல் 500 டிகிரி வெப்பமும் காற்றழுத்தத்தைப் போல 150 மடங்குக்கு மேலான அழுத்தமும் தேவைப்படுகின்றன. அதைவிடப் பெரிய செலவு ஹைட்ரஜன். அதை இயற்கை எரிவாயுவிலிருந்தோ நாப்தாவிலிருந்தோ பிரித்தெடுக்க வேண்டும். அந்த வேலை வெப்பத்தை விழுங்கும் வேலை. ஆக, யூரியா மூட்டை என்பது எரிவாயுவின் மறுபிறவி. 45 கிலோ மூட்டைக்கு நாம் கொடுப்பது 266 ரூபாய் 50 காசு, மீதி மானியம்.

மானியத்தில் வராத செலவும் உண்டு. 2023 டிசம்பர் 26 இரவு, எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலுக்கடியில் செல்லும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. தூங்கிக்கொண்டிருந்த மீனவக் குடும்பங்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் தெருவுக்கு ஓடி வந்தார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அம்மோனியாவுக்குத் தண்ணீர் என்றால் அவ்வளவு பிரியம். கண்ணிலும் நுரையீரலிலும் உள்ள ஈரத்தில் உடனே கரைந்து சுட்டுவிடும். யாரோ ஒருவர் வயலுக்குப் போக வேண்டிய நைட்ரஜனின் விலையை, வயலே இல்லாத ஒரு குப்பம் கொடுத்தது.

இதே முடிச்சை நம் தட்டைப்பயறு வேரிலும் சணப்பு வேரிலும் இருக்கும் ரைசோபியம் சாதாரண வெயிலில், சாதாரண அழுத்தத்தில் அவிழ்க்கிறது. இலவசமாக இல்லை. ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்குக் குறைந்தது 16 ஏ.டி.பி. செலவாகும். அதற்கான சர்க்கரையைச் செடி கொடுக்கிறது. செடிக்கு வெயில் கொடுக்கிறது. முதல் போட்டவர் சூரியன். ஆலையும் இல்லை, குழாயும் இல்லை.

கம்போஸ்ட் குவியலிலும் கணக்கு இதுதான். நுண்ணுயிர்கள் வைக்கோலையும் சாணத்தையும் ஆக்சிஜனோடு சேர்த்து மெல்ல எரிக்கின்றன. வெளியாகும் வெப்பம் உள்ளே தங்கினால் 55 முதல் 65 டிகிரி வரை ஏறும். களை விதைகளும் நோய்க்கிருமிகளும் பெரும்பாலும் செத்துவிடும். மாடியில் சின்னத் தொட்டியில் போட்டவர்கள் "சூடே ஏறலையே" என்கிறார்கள். ஒரு அடிக் கனசதுரத்துக்கு, ஒரு கன அடிக்கு ஆறு சதுர அடி மேற்பரப்பு. மூன்று அடிக் குவியலுக்கு இரண்டே சதுர அடி. சின்னக் குவியலில் வந்த வெப்பம் எல்லாம் பக்கவாட்டில் ஓடிவிடுகிறது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

குவியலை நீள, அகல, உயரம் மூன்றிலும் மூன்று அடிக்குக் குறையாமல் போடுங்கள். இரும்புக் கம்பியைச் செருகிப் பத்து நிமிடம் விட்டு எடுங்கள். கையில் பிடிக்க முடியாமல் சுட்டால் சரியாக வேலை நடக்கிறது. சூடு இறங்கினால் புரட்டிக் காற்றுக் கொடுங்கள், காய்ந்திருந்தால் தண்ணீர் தெளியுங்கள். 70 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள். வேலை செய்யும் நுண்ணுயிர்களே செத்துவிடும்.

மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி அடித்தால், உங்கள் நைட்ரஜன் காற்றில் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். உடனே சருகோ வைக்கோலோ சேருங்கள். எரிவாயு எரித்து ஆலையில் பிடிக்கும் அதே சரக்கு அது. நம் குவியலிலிருந்து அதைத் தப்பவிட்டால், அடுத்த மாதம் கடையில் மூட்டைக்கு வரிசையில் நிற்க வேண்டிவரும்.