மார்பகப் புற்றுநோய் மீண்டும் வரும் அபாயம் குறைய: நம் கடைச் சரக்கும் வீட்டுப் பழக்கமும்

நம் இதழில் இதுவரை நான் எழுதியவை பருப்பு வரத்து, மஞ்சள் விலை, தராசு முத்திரை போன்றவை. இம்முறை விஷயம் வேறு. நான் வைத்தியன் அல்லன். மதுரை கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம் செய்பவன். ஆனாலும் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்து ஒரு பெண்மணி வீடு திரும்பியதும் அவர் வீட்டார் வந்து நிற்பது நம் கடை வாசலில்தான். "அண்ணாச்சி, மறுபடி வராமல் இருக்க என்ன கொடுக்கலாம்?" என்று கேட்கிறார்கள். நாம் சொல்லும் பதில் அந்த வீட்டுச் சமையலறைக்குள் போய்விடுகிறது. என் மனைவிக்கு 2020-இல் அறுவை நடந்த பிறகு, மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் நான் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் மாத்திரை. சாப்பாட்டுப் பேச்சு அதற்குப் பிறகுதான். மார்பகப் புற்றுநோயில் ஒரு பெரும் பகுதி, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனால் தூண்டப்பட்டு வளர்வது. அந்த வகை நோய் உள்ளவர்களுக்கு அறுவை, கீமோ, கரண்ட் வைப்பது எல்லாம் முடிந்த பிறகும் டமோக்சிபென், லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் ஆகியவற்றில் ஒன்றை ஐந்து ஆண்டுகள், சிலருக்கு அதற்கு மேலும் கொடுக்கிறார்கள். டமோக்சிபென் சாப்பிடும் ஐந்து ஆண்டுகளில் நோய் திரும்பும் அபாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. எந்தக் கீரையும் எந்தக் கஷாயமும் இவ்வளவு பலன் தந்ததாக நிரூபணம் ஆகவில்லை. எங்களிடம் சரக்கெடுக்கும் சில்லறை வியாபாரி ஒருவரின் தங்கை, உடம்பெல்லாம் அனலாகக் கொதிக்கிறது, மூட்டு வலிக்கிறது என்று எட்டாவது மாதமே மாத்திரையை நிறுத்திவிட்டார். இரண்டு ஆண்டில் எலும்பில் வந்துவிட்டது. நிறுத்தியதால்தான் வந்தது என்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தொல்லைகளை மருத்துவரிடம் சொல்லியிருந்தால் வேறு மாத்திரைக்கு மாற்றியிருப்பார், அல்லது தொல்லை தணிய வழி சொல்லியிருப்பார். அவரோ சொல்லவே இல்லை.

இனி உணவு. அமெரிக்காவில் நடந்த இரண்டு பெரிய சோதனைகளை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவதில், சிகிச்சை முடித்த 3,000-க்கும் அதிகமான பெண்களை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்குத் தினமும் ஏராளமான காய்கறி, காய்ச் சாறு, பழம், நார்ச்சத்து, குறைந்த கொழுப்பு. மற்றவர்களுக்குப் பொதுவான ஆலோசனை மட்டும். ஏழு ஆண்டுகள் போல் கவனித்து 2007-இல் கணக்கு முடித்தபோது, நோய் திரும்பியோ புதிதாகவோ வந்தவர்கள் காய்கறிப் பிரிவில் 16.7 சதவீதம், மற்றப் பிரிவில் 16.9 சதவீதம். வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம்.

இரண்டாவது சோதனையின் முடிவு 2006-இல் வந்தது. மாதவிலக்கு நின்ற சுமார் 2,400 பெண்களில் ஒரு பிரிவினர் உணவில் உள்ள கொழுப்பைக் குறைத்தார்கள். ஐந்து ஆண்டில் அந்தப் பிரிவில் 9.8 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. மற்றப் பிரிவில் 12.4 சதவீதம். இங்கே பலன் தெரிகிறது. ஏன் ஒன்றில் இல்லை, மற்றொன்றில் இருக்கிறது? இரண்டாவதில் கொழுப்பைக் குறைத்தவர்கள் உடல் எடையில் இரண்டரை கிலோவுக்கு மேல் குறைந்திருந்தார்கள். முதலாவதில் காய் தின்றவர்களின் எடை குறையவில்லை. விவாதம் இன்னும் முடியவில்லை என்றாலும், எதைச் சேர்க்கிறோம் என்பதைவிட எடை ஏறாமல் பார்ப்பதுதான் முக்கியம் என்று கருத இடமிருக்கிறது. காயும் பழமும் வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. தட்டில் காய் கூடும்போது சோறு குறைந்தால்தான் கணக்கு நேராகும்.

எடைக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை மருத்துவர் எனக்கு விளக்கியது இப்படி. மாதவிலக்கு நின்ற பிறகு சினைப்பை ஈஸ்ட்ரோஜன் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. அதன் பின் உடம்பில் அதைத் தயாரிக்கும் முக்கிய இடம் கொழுப்புத் திசு. கொழுப்பு கூடினால் ஈஸ்ட்ரோஜனும் கூடுகிறது. லெட்ரோசோல் போன்ற மாத்திரைகள் தடுப்பது இந்த உற்பத்தியைத்தான். ஒரு பக்கம் மாத்திரையால் அடைத்துக்கொண்டு, மறு பக்கம் பலகாரத்தால் திறந்துவிடுவது என்ன நியாயம்?

மேற்படி இரண்டாவது சோதனையில் இரு பிரிவுக்கும் இருந்த வித்தியாசம், எல்லாக் கொழுப்பும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒருவருக்குச் சுமார் 18 கிராம். மாதக் கணக்கில் அரை கிலோவைத் தாண்டும். எண்ணெய் விற்கும் நானே எழுதுகிறேனே என்று எண்ண வேண்டாம். வீட்டுக்கு வாங்கும் எண்ணெயில் தலைக்கு மாதம் எவ்வளவு என்று கணக்குப் பாருங்கள். எந்த எண்ணெய் நல்லது என்று கேட்பவர்கள் அதிகம், எவ்வளவு போதும் என்று கேட்பவர்கள் குறைவு.

ஒரு எச்சரிக்கை. கீமோ நடக்கும் காலத்தில் இளைக்கப் பார்க்கக் கூடாது. அப்போது முட்டை, பருப்பு, மீன், தயிர் என்று உடம்புக்குத் தெம்பு கொடுக்கத்தான் வேண்டும்.

அடுத்து நடை. அமெரிக்கச் செவிலியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2005-இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். வாரத்துக்கு 3 முதல் 5 மணி நேரம் சாதாரண வேகத்தில் நடக்கும் அளவுக்கு உழைப்பு இருந்தவர்கள், இந்த நோயால் இறப்பது ஏறத்தாழப் பாதியாக இருந்தது. தெம்பாக இருப்பவர்தானே நடக்க முடியும் என்ற ஆட்சேபம் சரியானது. அதை ஓரளவு கழித்தாலும் மீதி இருக்கிறது. நம் வீட்டுப் பெண்கள் கடைக் கல்லாவிலும் வீட்டு அடுப்படியிலும் நாளெல்லாம் வேலைதானே செய்கிறார்கள் என்போம். கல்லாவில் உட்காருவது வேலைதான், நடை அல்ல. என் மனைவி காலையில் மாசி வீதிகளைச் சுற்றி வருகிறார். முதல் மாதம் ஒரு வீதியிலேயே மூச்சு வாங்கியது. இப்போது நான்கும் போதவில்லை. அறுவை செய்த பக்கத்துக் கையால் எதையும் தூக்கவே கூடாது என்று சொல்வார்களே, அதையும் 2009-இல் வந்த ஓர் ஆய்வு மாற்றிவிட்டது. பயிற்சியாளர் மேற்பார்வையில் எடையை மெல்ல மெல்லக் கூட்டியவர்களுக்குக் கை வீக்கம் அதிகமாகவில்லை. அதற்காக நேரே அரிசி மூட்டையில் கை வைக்க வேண்டாம்.

இரவுச் சாப்பாடு நமக்கென்றே உள்ள கோளாறு. பத்து மணிக்குக் கடை அடைத்து, சிட்டை முடித்து, வீடு போய் நாம் சாப்பிடும்போது பதினொன்று. அதுவரை வீட்டு அம்மாவும் காத்திருப்பார். முன்னே சொன்ன காய்கறிச் சோதனைப் பெண்களின் குறிப்புகளைப் பிறகு அலசி 2016-இல் ஒரு கட்டுரை வந்தது. இரவு கடைசியாக உண்டதற்கும் காலையில் முதலில் உண்பதற்கும் இடையே 13 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம் 36 சதவீதம் அதிகம். இது குறிப்பைப் பார்த்துச் சொன்னது, சோதித்து நிரூபித்தது அல்ல. ஆனாலும் செலவில்லாத காரியம். இரவு ஏழு மணிக்கு அவர் சாப்பிட்டுவிடட்டும். நமக்கு வேண்டியதை நாமே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். சர்க்கரை வியாதிக்கு மருந்து எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டே நேரத்தை மாற்ற வேண்டும்.

இப்போது நம் சரக்குக்கு வருவோம். மஞ்சளைப் பற்றித்தான் கேள்வி அதிகம். சமையலுக்குப் போடும் மஞ்சளால் பயமில்லை. பயம் குர்குமின் மாத்திரைகளில். நெதர்லாந்தில் டமோக்சிபென் சாப்பிடும் பெண்களிடம் நடத்தி 2019-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், நாளொன்றுக்கு 3.6 கிராம் குர்குமின் கொடுத்தபோது ரத்தத்தில் டமோக்சிபெனின் வேலை செய்யும் பகுதி குறைந்தது. மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்த்தபோது இன்னும் குறைந்தது. நூறு கிராம் மஞ்சளில் குர்குமின் சுமார் 3 கிராம் என்று வைத்தால், 3.6 கிராமுக்கு 120 கிராம் மஞ்சள் தூள் வேண்டும். ஒரு குடும்பம் மாதம் முழுவதும் ரசத்துக்கும் குழம்புக்கும் வாங்குவதே 100, 200 கிராம்தான். ஆகவே குழம்பு மஞ்சளை விலக்க வேண்டாம். புட்டியில் வரும் மஞ்சள் மாத்திரையை மருத்துவரைக் கேளாமல் தொட வேண்டாம்.

சோயாவைப் பலர் அஞ்சி ஒதுக்குகிறார்கள். அதில் பெண் ஹார்மோன் இருக்கிறதாம். இருப்பது அதைப் போன்ற தோற்றமுள்ள ஒரு தாவரப் பொருள். சீனாவின் ஷாங்காயில் நோய் கண்ட 5,042 பெண்களைக் கவனித்து 2009-இல் வெளியிட்ட முடிவின்படி, சோயா உணவு அதிகம் உண்டவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாகவே இருந்தது. சோயா உருண்டைக் குழம்பு வைக்கலாம். சோயாச் சத்து மாத்திரை வேறு விஷயம். ஆளி விதைக்கு இருக்கும் ஆதாரம் சிறியது. கனடாவில் அறுவைக்கு முன் சில வாரங்கள் தினம் 25 கிராம் கொடுத்துக் கட்டியின் வளர்ச்சி வேகம் தணிந்ததைப் பார்த்தார்கள். நோய் திரும்புவதைத் தடுத்ததா என்று அந்த ஆய்வு பார்க்கவில்லை. லெட்ரோசோல் வகை மாத்திரைகள் எலும்பைத் தேய்க்கும் என்பதால் கேழ்வரகு நல்ல துணை. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. சீனியை நிறுத்திக் கருப்பட்டிக்கு மாறினால் போதும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எடைக் கணக்கில் இரண்டும் ஒன்றே.

மதுவும் புகையிலையும் கூடாது என்பதை விரிக்கத் தேவையில்லை.

கடைசியாக நம் தொழில் சம்பந்தப்பட்டது. என் மனைவிக்குக் கரண்ட் வைத்து முடிந்த சமயத்தில் ஒருவர் வீடு தேடி வந்து, ஒரு டப்பா பொடிக்கு 4,500 ரூபாய் கேட்டார். இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்தினால்தான் இது வேலை செய்யும் என்றார். என் மனைவி, "பில் போட்டு, இதில் நீங்கள் சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்" என்றார். மனிதர் டப்பாவை எடுத்துக்கொண்டு போனவர்தான். அதே மாதிரிச் சரக்கு, நல்ல கழிவோடு நம் கடைகளுக்கும் வருகிறது. புற்றுநோயைத் தீர்க்கும் என்று ஒரு பொருளை விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாய நிவாரணச் சட்டம் தடை செய்கிறது. உணவுப் பொட்டலத்தில் நோய் தீரும் என்று அனுமதியின்றி அச்சிடுவதை 2018-இல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிகளும் தடுக்கின்றன. அப்படி அச்சிட்ட பொட்டலம் வந்தால் எங்கள் கடையில் இறக்குவதில்லை, கழிவு எத்தனை சதவீதம் சொன்னாலும் சரி.